அடிக்கவில்லை, தண்ணீரைத்தான் குறைத்தார்கள்

கேள்வி:

என் தங்கைக்கு 29 வயது. கல்லூரி முடித்த வருடமே பைக் விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வீல்சேரில்தான் நடமாட்டம். அப்பா முன்பே போய்விட்டார். அம்மாதான் பார்த்துக்கொண்டார், அவரும் இரண்டு வருடத்துக்கு முன்னால் இறந்துவிட்டார். அதிலிருந்து தங்கை அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அம்மா பெயரில் இருந்த வீடுதான், இப்போது அண்ணன் குடும்பம் இருக்கிறது. நான் கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறேன்.

தீபாவளிக்குப் போயிருந்தேன். தங்கை கட்டிலில் கிடந்தாள். வீல்சேர் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது, அதன்மேல் பழைய துணி மூட்டை. கேட்டால் “வீட்டுக்குள்ள இடிக்குது” என்றார் அண்ணி. மத்தியானத்துக்கு மேல் அவளுக்குத் தண்ணீர் தருவதில்லை. “யாரு சுத்தம் பண்றது” என்கிறார்கள். போன் அண்ணியிடம், ஏடிஎம் கார்டு அண்ணனிடம். மேல்கையில் கன்றிப்போன தடம் இருந்தது. “தூக்கும்போது பட்டுச்சு” என்றாள். அண்ணியின் தம்பி அடிக்கடி வந்து தங்குவதைப் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டாள். நான் கிளம்பும்போது அண்ணன், “கர்ப்பப்பையை எடுத்துடலாமான்னு டாக்டர்கிட்ட கேக்கப் போறேன், மாசாமாசம் யாரு பாக்குறது” என்றார்.

அண்ணன் அவளை அடிக்கிறவர் இல்லை. அண்ணிதான் எல்லா வேலையும் செய்கிறார். தட்டிக் கேட்டால் “நீயே கூட்டிட்டுப் போய் வெச்சுக்கோ” என்கிறார்கள். என் நிலைமையில் அது முடியாது. இது கொடுமையா, இல்லை நான்தான் பெரிதாக்குகிறேனா? புகார் கொடுத்தால் அவள் எங்கே போவாள்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பெயர் வேண்டாம் என்றிருந்தீர்கள். ஊர், வயது எல்லாவற்றையும் கொஞ்சம் மாற்றித்தான் போட்டிருக்கிறேன், வீட்டில் யாராவது படித்தாலும் தெரியாது.

நீங்கள் பெரிதாக்கவில்லை. “அண்ணன் அடிக்கிறவர் இல்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். இருபது வருடத்துக்கு மேலாக மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கு உதவுகிற வேலையில் இருக்கிறேன். அவர்கள் வீடுகளில் அடி உதையைவிட நான் அதிகம் பார்த்தது வேறு: எட்டாத தூரத்தில் வைத்த வீல்சேர், பேட்டரி கழற்றிய காதொலிக் கருவி, “அப்புறம் தரேன்” என்று வாங்கி வைத்துக்கொண்ட ஊன்றுகோல். நடக்கிற பெண்ணை அடக்கிவைக்க வேண்டுமென்றால் கதவைப் பூட்ட வேண்டும். உங்கள் தங்கைக்குப் பூட்டே தேவையில்லை, நாற்காலியை நாலடி தள்ளி வைத்தால் போதும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது வீட்டை ஒழுங்காக வைத்திருப்பது மாதிரிதான் தெரியும்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அவசரமானது அதுதான். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை தானாக முழுவதும் காலியாகாது. நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் போட்டு எடுக்க வேண்டியிருக்கும், அல்லது டியூப் வைத்தபடியே இருக்க வேண்டியிருக்கும். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகும், கிருமி சேரும், கல் உண்டாகும். கடைசியில் சிறுநீரகத்திலேயே கைவைக்கும். உணர்வு இல்லாததால் வலியும் தெரியாது, காய்ச்சல் வந்த பிறகுதான் தெரியும். அதேபோல் கட்டிலிலேயே கிடந்தால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். மருத்துவமனையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்லியிருப்பார்களே, அது இதற்காகத்தான். அடுத்த முறை போகும்போது அவளைக் குளிக்க வைக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். முதுகின் அடிப்பகுதியைப் பாருங்கள். தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் நிறம் மாறாமல் இருந்தால் அது புண்ணின் தொடக்கம்.

இதை மருத்துவப் பிரச்சினை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் 92ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. தன் பொறுப்பில் இருக்கிற மாற்றுத்திறனாளிக்குத் தெரிந்தே உணவோ குடிக்கிற தண்ணீரோ மறுப்பதும், அவர் பயன்படுத்தும் உதவிக் கருவியைச் சேதப்படுத்துவதும் பயன்படுத்த விடாமல் குறுக்கிடுவதும் அங்கே குற்றங்கள். குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு இப்படிப்பட்ட வீடுகள் தெரிந்திருக்கின்றன என்று அதைப் படிக்கும்போதெல்லாம் தோன்றும். அண்ணனை நாளைக்கே ஜெயிலில் போடச் சொல்லி இதை எழுதவில்லை. நீங்கள் பார்த்ததற்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

சரி, அண்ணி. அவருடைய கஷ்டத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஒரு பெரிய ஆளை ஒரு நாளைக்குப் பலமுறை தூக்கி இறக்குவது சும்மா இல்லை. அவரைக் கேட்டு யாரும் இந்த வேலையை அவர் தலையில் கட்டியிருக்க மாட்டார்கள். உங்கள் அண்ணன் எத்தனை முறை டியூப் மாற்றியிருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள், பதில் எனக்கே தெரியும். ஆனால் களைப்பில் நடக்கிற தவறையும் கட்டுப்படுத்துவதற்காகச் செய்கிற தவறையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. உதவிக்கு ஆள் வைக்கலாமா என்று கேளுங்கள். “காலையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பெண்ணை ஏற்பாடு செய்கிறேன், சம்பளத்தில் பாதி நான் தருகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். களைத்துப்போனவர் கையெடுத்துக் கும்பிடுவார். வெளியாள் உள்ளே வருவதையே மறுத்தால், “எங்க வீட்டு விஷயத்துல மூணாவது மனுஷி எதுக்கு” என்று தொடங்கினால், அங்கே பிரச்சினை வேறு. பெரும்பாலான வீடுகளில் இரண்டும் கலந்துதான் இருக்கும். கையில் இருக்கும் தடமும் அப்படித்தான். தூக்கும்போது பட்டதாகவே இருக்கலாம். அக்குளுக்கு அடியில் பிடித்துத் தூக்கினால் மேல்கையில் தடம் விழும். மறுமுறை போகும்போதும் தடம் இருக்கிறதா, எந்த இடத்தில் என்று பாருங்கள்.

அடுத்து உங்கள் தங்கையோடு பேச வேண்டும். இங்கே நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், காது கேளாத ஒரு பெண்ணைப் பார்க்க ஒரு வீட்டுக்குப் போனேன். எனக்குச் சைகை மொழி தெரியாது. அவர் கணவரே நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். நான் கேட்ட எல்லாவற்றுக்கும் “நல்லா இருக்காளாம் மேடம்” என்று பதில் வந்தது. நானும் அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த மாதம் முறையான மொழிபெயர்ப்பாளருடன் போனபோது அந்தப் பெண் சொன்னது வேறு கதை. அதற்குப் பிறகு, பார்த்துக்கொள்கிறவர் பக்கத்தில் இருக்கும்போது நான் எதையுமே கேட்பதில்லை.

உங்கள் தங்கையைத் தனியாகப் பாருங்கள். வீட்டுக்குள் முடியாது என்றால் ஸ்கேன் எடுக்க வேண்டும், கோயிலுக்கு வேண்டுதல் இருக்கிறது என்று ஏதாவது காரணம் சொல்லி வண்டி வைத்து வெளியே கூட்டிப்போங்கள். “அவன் ஏதாவது பண்ணினானா” என்று நேராகக் கேட்க வேண்டாம். அண்ணியின் தம்பி தவறு செய்தார் என்று நமக்குத் தெரியாது. அவள் பேச்சை மாற்றினாள் என்பது மட்டும்தான் தெரியும். “ராத்திரியில் உன் அறைக்கு யார் வந்து போறாங்க? யாராவது இருந்தா உனக்குப் பயமா இருக்கா? உன்னைத் தொட்டுச் செய்ற வேலையெல்லாம் யார் செய்யணும்னு நீ நினைக்கிறே?” இந்த மாதிரி கேளுங்கள். உடனே பதில் வராது. வராவிட்டால் விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் இருக்கிறது. சொல்லிவிட்டால் மட்டும், “ஏன் இத்தனை நாள் சொல்லலை” என்று கேட்டுவிடாதீர்கள்.

பாலியல் தொல்லை என்று அவள் சொன்னால் நேரம் முக்கியம். சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போனால் கருத்தடை மாத்திரையும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் தொடங்க முடியும். எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் சிகிச்சை என்று யாரும் திருப்பி அனுப்பக் கூடாது. அரசு மருத்துவமனையோ தனியாரோ, இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும் என்பது சட்டம். நாள் கடந்துவிட்டாலும் புகார் கொடுக்கலாம். அவள் ஸ்டேஷன் படி ஏற வேண்டியதில்லை. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.படி, இந்தக் குற்றங்களில் மாற்றுத்திறனாளிப் பெண்ணின் புகாரை அவர் வீட்டிலோ அவருக்கு வசதியான இடத்திலோ வந்துதான் பதிய வேண்டும், அதை வீடியோவும் எடுக்க வேண்டும். நிறைய காவலர்களுக்கே இது தெரியாது. நீங்கள் தெரிந்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

“நான் சொன்னால் யார் நம்புவார்கள்” என்று அவள் கேட்கக்கூடும். உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் ஆந்திரப் பிரதேச வழக்கு ஒன்றில் தீர்ப்புச் சொன்னது. பார்வையற்ற 19 வயதுப் பட்டியலினப் பெண். குற்றவாளி அவளுடைய அண்ணன் தம்பிகளுக்கு நண்பன், வீட்டுக்கு வந்து போகிறவன். அவள் அவனைக் குரலை வைத்து அடையாளம் சொன்னாள். மாற்றுத்திறனாளி என்பதற்காக ஒரு பெண்ணின் சாட்சியத்தை மட்டமாக நினைக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லி, பாலியல் வன்கொடுமைக்கான ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. இதை அவளிடம் கதை மாதிரி சொல்லுங்கள். நம் ஊரிலேயே 2018இல் சென்னை அயனாவரத்தில், காது சரியாகக் கேளாத ஒரு சிறுமியை அதே அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலை பார்த்தவர்கள் மாதக்கணக்கில் சீரழித்தது நினைவிருக்கும். 17 பேர் கைதானார்கள். 2020இல் 15 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. இரண்டு வழக்கிலும் செய்தது முகம் தெரியாத ஆள் இல்லை. தினமும் பார்க்கிறவர்கள், “பாவம்” என்று சொல்லக்கூடியவர்கள்.

கர்ப்பப்பை விஷயத்தில் எனக்குக் கோபம் வருகிறது, மன்னிக்கவும். மாதவிடாய் நேரத்தில் சுத்தம் செய்வது கஷ்டம்தான். அதற்கு வேலைக்கு ஆள் இருக்கிறது, பெரியவர்களுக்கான டயப்பர் இருக்கிறது, தேவைப்பட்டால் மகப்பேறு மருத்துவர் தருகிற மாத்திரை இருக்கிறது. 1994இல் புனேயில், ஷிரூர் அரசுக் காப்பகத்தில் இருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்கள் பலருக்கு இதே காரணத்தைச் சொல்லி அரசு மருத்துவமனையிலேயே கர்ப்பப்பையை எடுத்தார்கள். நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பித்தான் அது நின்றது. இன்றைக்கு 2016 சட்டத்தின் 10ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: மாற்றுத்திறனாளி ஒருவர் புரிந்துகொண்டு, தானாகச் சம்மதிக்காமல், பிள்ளை பெற முடியாதபடி செய்யும் எந்தச் சிகிச்சையும் அவருக்குச் செய்யக் கூடாது. உங்கள் தங்கைக்கு முதுகுத்தண்டில்தான் அடி, புத்தியில் இல்லை. அண்ணன் கையெழுத்து அங்கே செல்லாது. இதில் இன்னொரு விபரீதமும் உண்டு. கர்ப்பப்பை போன பிறகு அந்த வீட்டில் யாராவது அவளிடம் தவறாக நடந்துகொண்டால், வெளியே தெரிய வைக்கும் ஒரு அடையாளமும் போய்விடும். அண்ணன் அந்த எண்ணத்தில் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. விளைவு அதுதான்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி: புகார் கொடுத்தால் எங்கே போவாள்? கடிதத்தில் நீங்கள் ஏதோ சும்மா குறிப்பிட்ட மாதிரி ஒரு வரி இருக்கிறது, “அம்மா பெயரில் இருந்த வீடு”. அதை நான் மூன்று முறை படித்தேன். அது அண்ணன் வீடு இல்லையே! அம்மா உயில் எழுதிவைக்காமல் இறந்திருந்தால், நீங்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் வருபவர்களாக இருந்தால், அந்த வீடு உங்கள் மூன்று பேருக்கும் சமம். உங்கள் தங்கை தன் சொந்த வீட்டில் மூன்றில் ஒரு பங்கில் இருக்கிறாள். அவளை வைத்துக் காப்பாற்றுகிறோம் என்று இத்தனை நாள் எல்லாரும் பேசியதில் அவளுக்கே இது மறந்திருக்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எதிலாவது அவளிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்களா என்று அவளையே கேளுங்கள். “பென்ஷனுக்குக் கையெழுத்து” என்று சொல்லி வாங்கிய பத்திரங்களை நான் பார்த்திருக்கிறேன்.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 கணவன் மனைவிக்கு மட்டும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். ஒரே வீட்டில் இருக்கும் அண்ணன் தங்கைக்கும் அது பொருந்தும். 2016இல் உச்ச நீதிமன்றம் அதிலிருந்த ‘வயதுவந்த ஆண்’ என்ற வார்த்தைகளை நீக்கியதால் அண்ணி மீதும் கேட்கலாம். அவளை வீட்டைவிட்டு அனுப்பக் கூடாது, இன்னார் வீட்டுக்கு வரக் கூடாது, பணத்தைத் தொடக் கூடாது என்று மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்க முடியும். யாரும் சிறைக்குப் போக வேண்டியதில்லை. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் மனுவை எழுதவே உதவுவார். பெண்கள் உதவி எண் 181க்கு அழைத்தால், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு இணைப்பார்கள். அங்கே சில நாள் தங்கலாம். ஆனால் போவதற்கு முன்னால் வீல்சேர் போகும் கழிவறை இருக்கிறதா என்று போனில் கேட்டுவிடுங்கள், சங்கடப்பட வேண்டாம். வக்கீல் செலவு வேண்டாம். பெண்ணுக்கும் மாற்றுத்திறனாளிக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, அழைக்க வேண்டிய எண் 15100. இது தவிர, 2016 சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி யார் வேண்டுமானாலும் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவரிடம் தகவல் தரலாம். குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு அலுவலருக்கு நல்ல எண்ணத்தோடு தந்த தகவலுக்காக உங்கள் மீது வழக்குப் போட முடியாது.

இதில் எதையுமே அவளைக் கேட்காமல் செய்யாதீர்கள். உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்றால் வேறு கதை. அப்போது 112க்கு அழையுங்கள். மற்றபடி, அண்ணன் அவளைக் கேட்காமல் முடிவெடுக்கிறார் என்றுதானே நாம் வருத்தப்படுகிறோம், நாமும் அதையே செய்தால் எப்படி? அவள் “புகார் வேண்டாம், வீல்சேர் மட்டும் வேண்டும்” என்று சொல்லலாம். அதுவும் ஒரு முடிவுதான். அதற்கு மேல் போக வேண்டிய நாள் எதுவென்று அவளுக்குத் தெரியும்.

புகார் கொடுக்காமலே இந்த மாதம் செய்யக்கூடியவை சில உண்டு. அந்த வீட்டில் அவளைப் பார்க்கிற கண்கள் அதிகமாக வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் நோய்த்தணிப்பு சிகிச்சையும் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள் பெயரைப் பதியுங்கள். வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை வெளியாள் ஒருவர் வந்து போர்வையை விலக்கிப் பார்ப்பார் என்றால் வீட்டில் நிறைய விஷயம் தானாகச் சரியாகும். கோயம்புத்தூரிலிருந்து தினமும் ஒரே நேரத்தில் வீடியோ கால் போடுங்கள். அவளுக்கென்று ஒரு சின்ன போன் வாங்கிக் கொடுங்கள், பட்டன் போனாக இருந்தாலும் போதும். உங்கள் இருவருக்குள் ஒரு வார்த்தை பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வார்த்தை வந்தால் நீங்கள் கிளம்பி வர வேண்டும்.

பணம். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 ரூபாய் அவளுக்கு வருகிறது என்று நினைக்கிறேன். கணக்கு அவள் பெயரில்தான் இருக்கும், ஆனால் அதில் பதிந்த மொபைல் எண் யாருடையது? அதை மாற்றி, பழைய கார்டை முடக்கிப் புதுக் கார்டு வாங்குங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு வீட்டுக்கே வந்து சேவை தர வேண்டும் என்று 2017இலேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அந்த உதவித்தொகையில் ஒரு பங்கை வீட்டுச் செலவுக்கு அவளே கையால் அண்ணியிடம் கொடுக்கட்டும். கொடுப்பவளாக இருப்பது வேறு மாதிரி இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவளால் இப்போது செய்ய முடிவதைவிட அதிகம் செய்ய முடியும் என்று நினைக்கிறேன். இடுப்புக்குக் கீழே மட்டும் பாதிப்பு என்றால், கட்டிலிலிருந்து வீல்சேருக்குத் தானே மாறவும், தானே டியூப் போட்டுக்கொள்ளவும் பெரும்பாலானோர் பழகிவிடுகிறார்கள். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையத்தில் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்தப் பிரிவைத் தொடங்கி நடத்திய டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் விபத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டு வீல்சேரில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். அம்மா பாசத்தில் எல்லாவற்றையும் தானே செய்துவிட்டாரோ என்னவோ. சில வாரம் அங்கே தங்கிப் பழகி வந்தால் அண்ணியின் இடுப்பும் தப்பிக்கும், ராத்திரித் தண்ணீருக்கு யாரையும் கேட்க வேண்டியும் இருக்காது. இதை அண்ணனிடம் பேசும்போது இந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். சட்டத்தைக் கையில் வைத்திருங்கள், முதல் நாளே மேசையில் போட வேண்டாம்.

பொங்கலுக்கு நிச்சயம் போவீர்கள்தானே? போனதும் துணி மூட்டையை இறக்கிவிட்டு வீல்சேரை வெளியே எடுங்கள். பிரேக் பிடிக்கிறதா, டயரில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். மாதக்கணக்கில் மாடிப்படிக்கு அடியில் கிடந்திருந்தால் காற்று இறங்கியிருக்கும். சைக்கிள் பம்ப் அங்கே கிடைக்குமோ கிடைக்காதோ, கோயம்புத்தூரிலிருந்தே ஒன்று எடுத்துப் போய்விடுங்கள்.